ஜெர்மனில் சொல்லப்பட்ட வசைகள்

என் மாணவி என்னைவிடப் பத்து வயது மூத்தவர், பலஸ்தீனத்திலிருந்து வந்தவர். ஹனோவரில் எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் கணவருடன் இருந்தார். மனத்துக்குள் அவரை அக்கா என்றே அழைத்தேன். தாதியர் பயிற்சியில் சேர, அவர் ஜெர்மன் வாய்மொழிப் பரீட்சையில் தேறவேண்டும். சொற்கள் தெரியும்; வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவார். அதனால் ஒரு விதி வைத்தேன்: பாட நேரத்தில் அந்த மேசையில் அரபியில் எது பேசப்பட்டாலும் அதை எனக்கு ஜெர்மனில் சொல்லவேண்டும்.

கணவர் எதிரே தேநீருடன் இருப்பார். அக்கா தடுமாறும்போதெல்லாம் அரபியில் ஏதோ சொல்லிச் சிரிப்பார். அதை மட்டும் அக்கா மொழிபெயர்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் தமிழ் ஆட்களின் பிறந்தநாள் விழாக்களில், "இவவுக்கு என்ன தெரியும்? மண்டைக்குள்ள களிமண்," என்று ஒருவர் மனைவியைக் காட்டிச் சொல்ல, எல்லோரும் சிரிப்பார்கள். கணவரின் சிரிப்பும் அதே பழகிய ஓசை. மரியாதைக்காக நான்கு வாரம் நானும் புன்னகைத்தேன்.

வியாழக்கிழமைப் பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. இந்தத் தொழிலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கேள்வியில் அக்கா நின்றுபோனார். கணவர் ஏதோ சொன்னார். நான் புன்னகைத்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஜெர்மனில் சொன்னார்:

"செருப்புக்கு இருக்கும் மூளைகூட எனக்கு இல்லை என்கிறார்."

கணவருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும். "சும்மா பகிடி, டீச்சர்," என்றார். பிறகு அரபியில், தணிந்த குரலில் ஒன்று.

"அவர் இல்லாவிட்டால் நான் தெருவில் கிடப்பேன் என்கிறார்."

இன்னொன்று.

"வாயை மூடச் சொல்கிறார்."

ஒரு வாக்கியமும் நடுவில் நிற்கவில்லை. என் முகத்தில் புன்னகை இன்னும் ஒட்டியிருந்ததை அப்போதுதான் உணர்ந்தேன்.

கணவர் கோப்பையை வைத்தார். "பாடம் முடிஞ்சுது. போயிட்டு வாங்கோ."

"இன்னும் ஆறு கேள்வி இருக்கு," என்றேன்.

அக்கா எழுந்து, மேலங்கியை எடுத்துக்கொண்டு என்னுடன் வெளியே வந்தார். ஒரு மாடி இறங்கிப் படிக்கட்டில் அமர்ந்தோம். மேலே கதவு திறந்தே இருந்தது. கணவர் அங்கே நிற்பது தெரிந்தது. அந்தப் படிக்கட்டு விளக்கு இரண்டு நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அணையும்போதெல்லாம் அக்கா எழுந்து பொத்தானை அழுத்தி, விட்ட இடத்திலிருந்து பேசினார். நான்கு வாரம் புன்னகைத்ததற்கு மன்னிப்புக் கேட்காமல், அடுத்த கேள்வியை வாசித்தேன்.

ஆறாவதும் முடிந்தது.

"வியாழன் காலை ஏழரைக்குக் கீழே நில்லுங்கள், சேர்ந்து போவோம்," என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே குரல் உயர்கிறதா என்று கேட்டபடி நான் படியிலேயே இருந்தேன்.