டைப் அக்காவின் பட்டியல்

தெருவில் எல்லாரும் அவரை டைப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகை, கடை திறப்பு நோட்டீஸ், இரங்கல் அட்டை என்று அடித்துத் தள்ளியவர். விரல்கள் விசைகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும், கண் ஜன்னல் பக்கம் இருக்கும். பார்வை மங்கி வேலையை விட்டபோது முதலாளி அவர் அடித்த கம்ப்யூட்டரையே கொடுத்தனுப்பினார். "உன் கைக்குப் பழகினது, நீயே வச்சுக்கம்மா" என்றார்.

அது கூடத்து மூலையில், ஜன்னலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. பட்டனை அழுத்தினால் முனகும், பெருமூச்சு விடும், பிறகுதான் கண் திறக்கும். "இது எழுந்திருக்கறதுக்குள்ள நான் ஒரு டிரிப் போயிட்டு வந்துடுவேன்" என்பார் அவர் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

மாலையில் துணிகளை மடித்து வைத்துவிட்டு டைப் அக்கா அதன் முன்னால் உட்காருவார். அதில் ஒரே ஒரு பைல்தான் அவருக்கு முக்கியம். யாராவது தன்னிடம் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் அதை ஒரு வரியாக அடித்து வைப்பார். மாடி வீட்டு அம்மாவுக்கு முழங்கால் வலி தீர வேண்டும். தையல்காரர் மகன் வீடு திரும்ப வேண்டும். அடித்த பிறகு விசைகளின் மேல் கையை வைத்தபடியே கண்ணை மூடி வேண்டிக்கொள்வார். வேண்டியது நடந்தால் அந்த வரியின் ஓரத்தில் 'நன்றி' என்று சேர்ப்பார். நடக்காதவையும் நிறைய உண்டு. ஆண்டவனுக்கு ஆயிரம் வேலை என்று அவற்றை அப்படியே விட்டுவைப்பார்.

முதல் பக்கத்து முதல் வரிக்குப் பதினான்கு வருஷமாக நன்றி இல்லை. 'தங்கைக்கு என் மேல் உள்ள கோபம் ஆற வேண்டும்.'

தப்பு இவருடையதுதான். அச்சகத்தில் ஒவ்வொரு பத்திரிகையையும் புதிதாக அடிப்பதில்லை. முந்தின கல்யாணத்துப் பைலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, வேறு பெயரில் சேமிப்பதுதான் வழக்கம். தங்கை கல்யாணத்துக்கும் அப்படித்தான் செய்தார். எல்லாவற்றையும் மாற்றினார், கிழமையை மட்டும் மறந்துவிட்டார். கல்யாணம் புதன்கிழமை, பத்திரிகையில் வியாழன். பாதிப் பேர் மறுநாள் வந்து பூட்டிய மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காலி நாற்காலிகளுக்கு நடுவில் தாலி ஏறியது. மாப்பிள்ளை வீட்டார் பேசக் கூடாததெல்லாம் பேசினார்கள்.

"ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் புள்ளி பிசகாம அடிச்சே. என் கல்யாணத்துக்குத்தானா உன் கை தூங்கிப்போச்சு?" என்று கேட்டுவிட்டுப் போன தங்கை, அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வந்தான். கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவன்.

"அக்கா, இதோட ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு வயசாயிடுச்சு. புதுசு போட்டுடலாம்."

"எனக்கும்தான் வயசாயிடுச்சு. புதுசு போட்டுடுவியா?"

"போடலாம்னா நான் எப்பவோ போட்டிருப்பேனே" என்றார் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து கணவர்.

தம்பி சிரிக்கவில்லை. "புதுசு போட்டா உன் அச்சக சாப்ட்வேர் ஓடாது. அந்தக் காலத்து எழுத்து அதுக்குத் தெரியாது. போன வாரம் உன் பைலை எங்க கடைக் கம்ப்யூட்டர்ல திறந்து பார்த்தேன், இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. மாத்திக் கொடுக்க வழி இருக்கலாம், ஆனா உறுதியா சொல்ல மாட்டேன்."

"அப்புறம் எதுக்குடா புதுசு?"

"சின்னக்கா உன் முகத்தைப் பார்க்கணும்னு சொல்றா."

மடித்துக்கொண்டிருந்த துண்டு மடியில் விழுந்தது.

"உன் போன்லயே காட்டேன்" என்றார் அதைத் திரும்ப எடுத்து மடித்தபடி.

"சொன்னேன். நீ போனைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா நான் என்னத்தைப் பேசறதுன்னு கேக்கறா. வெறும் குரலைக் கேட்டா பழைய சண்டைதான் ஞாபகம் வருமாம். அக்கா தனியா உக்காந்து டைப் அடிக்கிற இடத்துலதான் பார்க்கணுமாம். கேமரா நான் மாட்டிடுவேன், ஆனா வீடியோவுல பேசற புரோகிராம் இந்தப் பழசுல ஏறாது. வேணும்னா பைலை மட்டும் பிரிண்ட் எடுத்துடலாம்."

"வேணாம். ஊரார் கஷ்டமெல்லாம் அதுல இருக்கு. ஆண்டவன் காதுல மட்டும் போட்டதைத் தாள்ல அடிச்சு வீட்டுல போட்டு வைக்கவா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பைலைத் திறந்தார். முப்பத்தோரு பக்கம். அவசரப்படாமல் படித்தார். தையல்காரர் மகன் திரும்பி வந்தது, கணவரின் பஸ் பள்ளத்தில் இறங்கியும் யாருக்கும் ஒன்றும் ஆகாதது, அச்சகத்து முதலாளி கண் மூடியது. தாளும் மையும் கலந்த பழைய வாசனை மூக்கில் வந்து நின்றது. மதியச் சோறு ஆறிப்போயிற்று, யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் முதல் வரிக்குத் திரும்பி வந்தார்.

இந்த ஒரு வரிக்காகத்தானே மற்றதெல்லாம் ஆரம்பித்தது.

"போடுடா" என்றார்.

மறுநாள் சாயங்காலம் திரையில் தங்கை வந்தாள். கன்னம் சதை போட்டிருந்தது, கண் மட்டும் அப்படியே இருந்தது. கணவர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

"முடியெல்லாம் வெளுத்துப்போச்சேக்கா."

"உனக்கு மட்டும் என்னவாம், தலையில மையை அப்பியிருக்கே."

தங்கை உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள், "ஆமா, இன்னைக்கு என்ன கிழமைன்னாவது தெரியுமா உனக்கு?"

டைப் அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கத்திலும் அப்படித்தான்.

பேசி முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் குறைந்திருந்தது. அவர் பைலைத் திறந்தார். தம்பி சொன்னது சரிதான். பக்கம் பக்கமாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தது. ஒரு வரிகூடப் புரியவில்லை. விசைகளை மட்டும் தம்பி அவர் கைக்குப் பழகின முறையிலேயே அமைத்துக் கொடுத்திருந்தான்.

முதல் பக்கம், முதல் வரி. அது எங்கே முடிகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அதன் ஓரத்தில் போய் நின்று, 'நன்றி' என்று அடித்தார்.

அந்தப் பக்கத்திலேயே படிக்க முடிந்தது அந்த ஒரு சொல்தான். அவர் விசைகளின் மேல் கையை வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார்.