இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு சாண்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அலமாரியில் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் எங்கள் லைனில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்திருக்கிறது. உடனே பெண்கள் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவோம். என் கணவர் பகல் ஷிஃப்டில் கீழே இருந்தார். நானும் ஓடினேன். கீழே பாறை வெடித்தால் தரையும் ஆடும்; அன்று ஆடவில்லை என்பது எனக்கு உறைக்கவேயில்லை.

வீட்டின் பின்புறம் என் பதின்மூன்று வயது மகள் பள்ளிக் கண்காட்சிக்கு விண்கலம் செய்துகொண்டிருந்தாள். விண்வெளியில் அதிவேகமாக வரும் மணல் அளவு கல் மோதினாலே கலம் ஓட்டையாகிவிடும். கலத்தின் சுவருக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, மெல்லிய தகடு ஒன்றை நிறுத்தினால் கல் அதில் பட்டதுமே பொடியாகும், சுவர் தப்பும். பத்திரிகையில் படித்து இதை அவளுக்குச் சொன்னவள் டீச்சரான நான்தான்.

"கவண்ல அடிச்சா வேகம் பத்தலம்மா. கல்லு பொடியாவே மாட்டேங்குது" என்று இரண்டு நாளாகப் புலம்பினாள்.

"பொடியாவலன்னா வுடு. படம் வரைஞ்சு வை" என்றேன்.

சுரங்கக் கழிவு மண்மேட்டில் கிடந்த டெட்டனேட்டர் ஒன்றை, பாறைவெடியைக் கிளப்பும் செப்புக் குழாயை, அவள் எடுத்து வைத்திருந்தது எனக்குத் தெரியாது.

கேட்டில் இருந்த குமாஸ்தா எங்களைப் பார்த்துச் சிரித்தார். "கீழ எல்லாரும் நல்லாத்தான் கீறாங்க. ஏன் டீச்சரம்மா, வூட்ல கடுகு வெடிச்சாலும் இங்க ஓடியாருவீங்களா?"

நாங்களும் சிரித்தோம். நான் மெதுவாகத்தான் திரும்பி நடந்தேன்.

வீட்டின் பின்புறம் மகள் துவைக்கிற கல்லில் சாய்ந்து, இடது கண்ணைத் துண்டால் அழுத்திப் பிடித்திருந்தாள். துண்டு நனைந்து சிவந்திருந்தது.

"கூப்ட்டேம்மா. லைன்ல யாருமே இல்ல."

கவணுக்குப் பதில் டெட்டனேட்டரை வெடிக்கவைத்துக் கல்லைப் பாய்ச்சியிருக்கிறாள். முன்தகடு கிழிந்து தொங்கியது. பின்தகட்டில் கரி மட்டும்தான், ஓட்டை இல்லை. டெட்டனேட்டரின் செப்புத் துண்டு பக்கவாட்டில் பறந்து, நின்றிருந்த அவள் மேல் பாய்ந்திருக்கிறது. அந்த நேரத்திலும் நான், சோதனை பலித்ததா என்று தகட்டைப் பார்த்தேன். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள். கண் டாக்டர் பெங்களூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். என் கணவர் சேறு காயாத பூட்ஸோடு வந்து, அவள் காலடியில் உட்கார்ந்தார். "கண்ணு தெரியும் இல்ல?" என்று அவள் எங்கள் இருவரையும் மாறிமாறிக் கேட்டாள்.

மறுநாள் காலை டாக்டர் வந்தார். அரைமணி நேரம் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்து, கையைத் துடைத்தபடி சொன்னார்:

"செப்புத் துண்ட எடுத்துட்டேன். அந்தக் கண்ல வெளிச்சம் மட்டும் தெரியும்மா. எழுத்து தெரியாது."