உங்க கால் எங்க இருந்தது?

அந்த டிரைவிங் ஸ்கூலில் அவளைப் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. பிரேக் அக்கா என்றால்தான் தெரியும். கார் பழக வருகிறவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அந்த சீட்டுக்கு முன்னாலும் ஒரு பிரேக் உண்டு, சொல்லிக்கொடுக்கிறவர் அவசரத்துக்கு மிதிக்க. மற்ற வாத்தியார்கள் எப்போதாவது மிதிப்பார்கள். அக்காவின் வலது கால் அதன் மேலேயே குடியிருந்தது.

வேலை முடிந்து பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போதும் அந்தக் கால் சும்மா இருக்காது. முன்னால் ஒரு லாரி திரும்பினால் பஸ் தரையை ஒரு அழுத்து அழுத்தும். வீட்டில் சினிமா பார்க்கும்போது கார் துரத்துகிற காட்சி வந்தால், எதிரில் இருக்கிற டீப்பாயைத் தள்ளி வைத்துவிடுவது நல்லது. இதில் சிரிக்க நிறைய இருக்கிறது, நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் சும்மா வந்த பழக்கம் இல்லை அது.

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி சொல்லியிருந்தார், எல் போர்டு மாட்டியிருக்கிற வரைக்கும் சட்டத்தின் கண்ணுக்கு ஓட்டுகிறது அவர்கள் இல்லை, நீதான் என்று. அக்கா தலையை ஆட்டினாள், காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளிலேயே, பழக வந்த ஒரு பல் டாக்டர் திருப்பத்தில் ஒரு சைக்கிள்காரரை உரசிவிட்டார். சைக்கிள்காரருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. கேஸ் மட்டும் கோர்ட் வரைக்கும் வந்தது. கூண்டில் ஏறியது அக்கா. பல் டாக்டர் பின்வரிசையில் உட்கார்ந்து அவளைப் பாவமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நீதிபதி கோபக்காரர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒரே கேள்விதான் கேட்டார்.

"அந்த நேரத்துல உங்க கால் எங்கம்மா இருந்தது?"

கால் சீட்டுக்கடியில் கழன்றுபோன செருப்பைத் துழாவிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. அபராதம் போட்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். ஆளை விட்டார்களே தவிர அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அதற்கப்புறம் அவள் காரில் ஒரு கீறல் விழுந்ததில்லை. முதலாளி அதைப் பெருமையாகப் பேசிக்கொள்வார். லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கும் ஆபீசர் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "உங்ககிட்ட பழகினவங்க நல்லாத்தான் ஓட்டுறாங்க, நிறுத்தத்தான் தெரியல" என்று கிண்டல் செய்வார். அக்கா அதைக் கிண்டல் என்றே எடுத்துக்கொண்டாள்.

இப்போது அவள் வீட்டுக்காரருக்கு வருவோம். தங்கமான மனுஷன். அச்சகத்தில் பேப்பர் வெட்டும் மெஷினில் பாதி ஆயுசைக் கழித்தவர். அச்சகத்தை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய ஆளை வேறு யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருந்த அந்த மாதங்களில் ஜன்னல் கொக்கியிலிருந்து குக்கர் கைப்பிடி வரைக்கும் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். அப்புறம் கழற்றவும் ஒன்றும் இல்லாமல், அவள் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான், ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஒரு லாண்டரியில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். லாண்டரிக்காரர் பழைய சிநேகிதர். புது வேன் வந்து இறங்குவதற்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது என்ன கவலை என்று இவர் மறுநாளே எல் போர்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஓட்டவும் செய்தார். ஸ்டியரிங்கில் ஒரு கை, வாயில் ஊர்க்கதை. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க என்று அக்கா தொண்டை வறள வறளக் கத்துவாள். வண்டி என்னவோ நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் அழகாக நின்றது.

டெஸ்டில் நிற்கவில்லை. நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. பயத்தில் வந்த தப்பு என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாம் முறை அக்கா மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தாள். அவர் கோட்டை நெருங்கினார். இங்கே அவள் கால் மண்ணை ஓங்கி மிதித்தது. அங்கே கார் கோட்டைத் தாண்டி நிதானமாகப் போய்க்கொண்டே இருந்தது. அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள். செருப்பு பதிந்த குழி ஆழமாக இருந்தது. ஆபீசர் இத்தனை வருஷம் கிண்டல் செய்யவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அவர் நன்றாக ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனைக் கழற்ற ஆரம்பித்தார். புது வேன் அடுத்த வாரம் வருகிறது என்று லாண்டரிக்காரர் போன் பண்ணினார். அதற்கு மேல் வேலையைப் பிடித்து வைக்க முடியாது என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அக்காவுக்கு ஆத்திரமாக வந்தது. கால் பிரேக் மேல் இருந்தால்தான் சட்டத்துக்கு அவள் பதில் சொல்ல முடியும். கால் அங்கே இருக்கிற வரைக்கும் இந்த மனுஷனுக்கு நிறுத்த வராது. இதை எந்த நீதிபதியிடம் போய்ச் சொல்வது?

மறுநாள் மத்தியானம் காரைக் குடோன்கள் இருக்கும் ஆளரவமற்ற ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். அங்கே போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டின் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆனாலும் அவள் பிரேக் அக்கா. காலைத்தான் மடக்கினாள், வலது கையை ஹேண்ட் பிரேக் மேல் வைத்துக்கொண்டாள்.

"என்ன பண்ற நீ?"

"காலை எடுத்துட்டேன். இனிமே எது வந்தாலும் நீங்கதான் நிறுத்தணும்."

அவ்வளவுதான், ஊர்க்கதை நின்றது. இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வந்தன. நடந்து போகிறவர்கூட முந்திவிடலாம், அந்த வேகத்தில் போனார். நெற்றியில் வியர்வை. கட்டின நாளிலிருந்து இந்த மனுஷன் பயந்து அவள் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. காலை இறக்கிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

ஒரு குடோன் வாசலிலிருந்து லாரி ஒன்று பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது. அக்காவின் முழங்கால் துடித்தது. ஹேண்ட் பிரேக்கில் விரல்கள் இறுகின. அவள் இழுக்கவில்லை. அவர் மிதித்த மிதியில் கார் குலுங்கி, இன்ஜின் அணைந்து நின்றது. லாரிக்கும் காருக்கும் நடுவே இன்னொரு கார் தாராளமாக நுழையலாம்.

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப இத்தனை நாளும் நான் ஓட்டவே இல்லையா?"

"ஓட்டினீங்க. நிறுத்தினது நான்."

மூன்றாம் முறை கோட்டுக்கு ஒரு முழம் முன்னாலேயே நிறுத்தினார். ஆபீசர் தாளில் எழுதுவதற்கு முன், எந்த ஸ்கூல் என்று திரும்பவும் கேட்டாராம்.

வேன் வந்து கொஞ்ச நாள் கழித்து, லீவு நாளில் லாண்டரிக்காரரிடம் கேட்டுக்கொண்டு அக்காவை அதில் ஒரு சுற்று கூட்டிப்போனார். வெளுத்த துணி வாசனை வேன் முழுக்க இருந்தது. முன்னால் ஒரு பஸ் நின்றது. அக்காவின் கால் தரையை அழுத்தியது. அங்கே வெறும் ரப்பர் விரிப்புதான். அடுத்த திருப்பத்திலும் அழுத்தியது. அவர் கவனித்துக்கொண்டே வந்தார்.

"இங்க பாரு. இந்த வண்டியில எது நடந்தாலும் என் பேர்லதான் கேஸ் வரும். கேட்டா என் காலைத்தான் கேப்பாங்க. உன் காலை யாரும் கேக்க மாட்டாங்க. நீட்டி உக்காரு."

அவள் கொஞ்ச தூரம் போனதும் செருப்பைக் கழற்றினாள். காலை நீட்டினாள். ஊர்க்கதை ஒன்றை அவர் ஆரம்பித்தார், பாதியில் ஊம் கொட்டும் சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால், வண்டியில் கண் அசந்தே அறியாதவள் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் தலை ஆடிவிடாதபடி, தூரத்திலிருந்தே மெல்ல மெல்ல மிதித்து நிறுத்தினார்.