ஓரம் அடிக்காத போர்வை

மூட்டையை அவிழ்த்ததும் எலி மூத்திர நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. ஜாக்கெட் தைப்பது என் பிழைப்பு. வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளைச் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பது என் கிறுக்கு. அந்தக் கிறுக்கில் ஆரம்பித்துப் பாதியில் போட்டதெல்லாம் கட்டிலுக்கு அடியில் இந்த மூட்டையில்தான் கிடந்தது. ஒன்றுகூட முழுசு இல்லை. ஒன்றில் மேல்துணி மட்டும் சேர்ந்திருந்தது. ஒன்றில் நடுவே பழைய புடவையை வைத்து நாலு வரி ஓட்டிவிட்டு நிறுத்தியிருந்தேன். இன்னொன்றை என்னவாக நினைத்து ஆரம்பித்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அவிழ்க்கச் சொன்னவள் என் தங்கை. வல்லத்தில் வாக்கப்பட்டவள். வளைகாப்பு முடிந்து செஞ்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், கை வளையலைக்கூடச் சரிசெய்யாமல் கேட்டாள்.

"அக்கா, அந்தச் சின்னப் போர்வை எங்க?"

"எந்தப் போர்வை?"

"தெரியாத மாரி கேக்காத. மஞ்சக் கட்டம் போட்டது."

மஞ்சள் கட்டம் போட்டது, அவள் முதல் தடவை உண்டானபோது நான் தைக்க ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் பிறக்காத பிள்ளைக்கு எதுவும் வாங்கக் கூடாது, தைக்கக் கூடாது. சட்டை, தொட்டில், ஒரு குல்லா, எதுவும் கூடாது. பிறந்த பிறகு யாராவது கட்டிப் பழசான புடவையைக் கிழித்துச் சுற்றுவார்கள். எனக்கு இது தெரியாமல் இல்லை. தையல்காரி வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளை பழந்துணியில் கிடக்க வேண்டுமா என்று ஒரு திமிர். அம்மா இல்லாத வீடு என்பதால் நைனாவின் அக்காதான் எங்களுக்கு எல்லாச் சட்டமும் சொல்பவள். அந்த அத்தை ஒருநாள் மிஷினில் கிடந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, வயித்துல கீறதுக்கு இப்பவே துணியா? வெளங்குமா?"

அந்த மாதமே கரு கலைந்தது. டாக்டர் என்னென்னவோ காரணம் சொன்னார். யார் காதிலும் ஏறவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அத்தை ஆரம்பித்துவிட்டாள். "நான் அப்பவே சொன்னேன், கேட்டாளா?" வந்தவர் போனவரிடமெல்லாம் என் போர்வைக் கதைதான். உள்ளே என் தங்கை கட்டிலில் கிடக்கிறாள், வெளியே இவள் பஞ்சாயத்து வைக்கிறாள். தூ என்று காறித் துப்பலாம் போல இருந்தது.

இரண்டாவது தடவை நான் அவள் பிள்ளைக்காக ஊசியைத் தொடவே இல்லை. அதுவும் தங்கவில்லை. இப்போது அத்தை என்ன சொல்வாள் பார்க்கலாம் என்று இருந்தேன். "அந்தப் பழசு இன்னும் ஊட்லதான இருக்குது, அதான்," என்றாள். தைத்தாலும் நான்தான், தைக்காவிட்டாலும் நான்தான்.

அதன் பிறகு என் கையில் எந்தப் போர்வையும் முடியவில்லை. நைனாவுக்குப் பனிக்காலத்துக்கென்று ஒன்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு டீச்சருக்கு ஒன்று. எனக்கே ஒன்று. கட்டம் சேர்க்கும் வரை கை பறக்கும். ஓரம் அடிக்கிற நேரம் வந்தால் வேறு வேலை வந்துவிடும். சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டு போனில் வீடியோவெல்லாம் பார்த்தேன். பளபளவென்று ஒரு அறை, மேஜை மேல் பூஞ்சாடி, சிரித்த முகமாக ஒரு பெண். தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள், உங்களுக்குள் இருக்கும் ஆர்வத்தைத் தட்டி எழுப்புங்கள் என்கிறாள். அம்மா தாயே, எனக்குள் ஆர்வம் தூங்கவில்லை, அத்தை உட்கார்ந்திருக்கிறாள், அவளை எழுப்பிவிட வழி சொல். போனைத் தூக்கி அடிக்கலாம் போல வரும். அடுத்த நாள் அதே பெண்ணை மறுபடி பார்ப்பேன், அதுதான் இன்னும் கேவலம்.

மூட்டைக்கு வருகிறேன். மஞ்சள் போர்வை அடியில் இருந்தது. இழுத்தேன், கனமாக வந்தது. விரித்தால், நடுவில் துணியையும் பஞ்சையும் பொடிப்பொடியாகக் கடித்து ஒரு குழி. குழிக்குள் ரோஸ் நிறத்தில் கண் திறக்காத எலிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று நெளிந்தன. முறத்தில் தள்ளி முள்வேலிக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு வந்து, கையைச் சோப்பு போட்டு, மறுபடியும் சோப்பு போட்டுக் கழுவினேன். நாற்றம் போகவில்லை.

தங்கை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா, எலி கூட குட்டி போட்றதுக்கு முன்னாடியே மெத்த போட்டு வச்சிக்குது. அதுக்கு அத்த இல்ல போல," என்றாள். சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இது ஆவாதுடி. கொளுத்திப் போட்டுட்றேன். பொறக்கட்டும், புதுசா ஒன்னு தச்சித் தரேன்," என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "பொறக்கட்டும், பொறக்கட்டும். எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எங்க மாமியா ஊட்லயும் அப்படித்தான். ஒரு துணி இல்ல, ஒரு பேர் யோசிக்கல. இது போய்டும்னுதான் எல்லாரும் ரெடியா இருக்கீங்க. எனக்குத் தெரியாதா? நீயாவது இது பொறக்கும்னு நெனச்சி ஏதாவது செய்யேன்கா."

மூட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் போர்வையை வாளியில் ஊற வைத்தேன்.

தண்ணீர் தெளிகிறவரை அலசினேன். மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, குரங்கு தூக்கிக்கொண்டு போகாமல் குச்சியோடு காவல் உட்கார்ந்தேன். மலைப்பாறை கக்கிய சூட்டில் சீக்கிரமே காய்ந்தது. எலி கடித்த கட்டங்களைப் பிரித்தெடுத்து, ஜாக்கெட் துணியில் புதுக் கட்டம் வெட்டிப் பொருத்தினேன். ஆசையோடு தைத்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அத்தை மேல் இருந்த வெறுப்பில் மிதித்தேன். கட்டத்துக்குக் கட்டம் அவளைத் திட்டினேன். வீடியோக்காரி இதைச் சொல்லித் தரவில்லை, வேலை ஓட இதைப் போல வேறொன்று கிடையாது.

அத்தையும் வந்தாள். மிஷினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடியுமா? ரெண்டு போனது பத்தலையா ஒனக்கு?"

"போனதுக்குக் காரணம் டாக்டர் சொன்னாரு. நீ கேக்கல."

"டாக்டருக்கு இன்னா தெரியும்?"

"ஒனக்கு இன்னா தெரியும்?"

நைனா பேப்பரில் இருந்து தலையை எடுக்கவே இல்லை. அத்தை காபியைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

ஆனால் ஓரத்துக்கு வந்தபோது கால் மிதிக்கவில்லை. எப்படியோ மூன்று பக்கம் அடித்தேன். நாலாவது பக்கமும் அடித்தேன், கடைசி ஒரு சாண் வரைக்கும். அங்கே நிறுத்தி நூலை வெட்டினேன். ஓரம் முடியாத துணி இன்னும் துணி ஆகவில்லை, ஆகாத துணியால் யாருக்கும் எதுவும் வராது, பிறந்த அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் அடித்துவிடலாம். யார் எனக்கு இதைச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். திறந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கையிடம் கொடுத்தேன்.

அவள் மடியில் விரித்து ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். தையல்காரி தங்கச்சி, தடவத் தெரியாதா? விரல் ஓரிடத்தில் நின்றது. உள்ளே போயிற்று.

"இன்னாக்கா, இங்க விட்டுப் போச்சா?"

நூல் தீர்ந்துபோச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். மிஷின் மேல் மஞ்சள் நூல்கண்டு முழுசாக உட்கார்ந்திருந்தது.

"பொறந்தப்புறம் அடிச்சிக்கலாம்னு..."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நீயுமா," என்றாள்.

எத்தனை வருஷமாக அத்தையைக் கரித்துக் கொட்டியிருக்கிறேன். அவளாவது வாய்விட்டுச் சொன்னாள், நான் மடித்து மறைத்துக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு என் மேல் எனக்கு வந்த அருவருப்பு அத்தை மேல்கூட வந்ததில்லை.

"ஊசியக் குடு," என்றாள்.

மாசமாக இருப்பவள் ஊசி பிடிக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் இருக்கிறது. என் நாக்கு நுனிக்கு அது வந்தேவிட்டது. விழுங்கிவிட்டு, நூல் கோத்துக் கொடுத்தேன்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் ஊசியைத் தொட்டதில்லை. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில் விரலே நுழையும். விரலில் ஒருமுறை குத்திக்கொண்டாள். நான் வாங்கக் கை நீட்டியபோது கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் கவனித்தேன், அவள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் அவளுக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது. நடுங்கிக்கொண்டேதான் ஒவ்வொரு குத்தாகக் குத்தினாள், கடைசியில் முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.