இரண்டு விநாடிப் பாட்டு

அந்தப் பட்டறையில் ரேடியோ கிடையாது. மின்விசிறி உண்டு, ஆனால் கார் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் பட்டறைக்காரர் அதையும் நிறுத்திவிடுவார். வேர்த்து ஊற்றினாலும் வாடிக்கையாளர் வாயைத் திறக்கக் கூடாது. அவர் பானெட்டைத் தூக்கி, கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்து நிற்பார். அரை நிமிஷம். பிறகு "மூணாவது இன்ஜெக்டர்" என்பார். கழற்றிப் பார்த்தால் மூன்றாவதுதான். முப்பது வருஷமாக இதே கதை. அதனால் அவருக்குக் காதண்ணன் என்று பெயர் வந்தது. இப்போது வயது ஐம்பத்தெட்டு. அவரைவிட மூத்தவர்களும் காதண்ணன் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கூட வேலை பார்க்க யாரும் நிலைக்கவில்லை. ஸ்பேனரைக் கீழே வைத்த சத்தத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தால் யார்தான் இருப்பார்கள்? எல்லாவற்றையும் தனியாகவே செய்துகொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வீட்டில்தான் ஒரு குறை. மனைவி சரியாகப் பேசுவதில்லை என்பது அவருடைய புகார். "வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்?" என்பார். அந்த அம்மாளுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக நீளமான கூடத்தின் கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டுகிற மாதிரிப் பெயர் கூப்பிட்டவர். வீட்டுக்கு வந்ததும் முணுமுணுக்கிறாராம்! முதலில் அந்த அம்மாள் சண்டை போட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு தடவை சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஒரு தடவைகூடச் சொல்வது குறைந்தது. காதண்ணனோ சாப்பிடும்போது எதிரே உதடு அசைந்தால் "சரி" என்று சொல்லக் கற்றுக்கொண்டார். வயதான பிறகு வீடு அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். மனுஷன்!

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பு வண்டி வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியை, ஐம்பது வயதில் தன் ஆசைக்கு என்று வாங்கியது. நோய் இதுதான்: காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்யும்போது பத்துப் பன்னிரண்டு விநாடி முக்கி முனகிய பிறகுதான் என்ஜின் பிடிக்கும். ஒருமுறை பிடித்துவிட்டால் நாள் முழுக்கத் தொட்டவுடன் கிளம்பும்.

காதண்ணன் பிளக்குகளை மாற்றினார். பேட்டரியைச் சோதித்தார், நன்றாக இருந்தது. என்ஜினின் சூட்டை அளக்கும் சென்சாரை மாற்றினார். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினார். மறுநாள் காலை அதே முக்கல், அதே முனகல். பெட்ரோல் வரும் குழாயில் அழுத்தமானி மாட்டியும் பார்த்தார். என்ஜின் ஓடும்போது ஊசி எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நின்றது.

பெட்ரோலை ஏற்றும் பம்ப் மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இந்த மாதிரி வண்டிகளில் சாவியை முதல் படிக்குத் திருப்பியதும், ஸ்டார்ட்டர் சுற்றுவதற்கு முன்பே, டேங்கில் இருக்கும் பம்ப் இரண்டு விநாடி ஓடிக் குழாயில் அழுத்தம் ஏற்றும். 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம். காதண்ணன் தினமும் இருக்கையில் உட்கார்ந்து, சாவியைத் திருப்பி, கண்ணை மூடிக் கேட்பார். கேட்கும். "பாடிட்டா" என்று தலையாட்டிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போவார். அந்த இரண்டு விநாடியில் அழுத்தமானியைப் பார்க்க முடியாது. அது பானெட்டுக்கு அடியில் இருந்தது, அவர் சாவி பக்கம் இருந்தார். பார்க்கவேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தார். காது எதற்கு இருக்கிறது?

செவ்வாய்க்கிழமை பேராசிரியை வந்தார். கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"அண்ணே, வியாழக்கிழமை வரைக்கும் பாருங்க. முடியலன்னா கம்ப்யூட்டர் வச்சுப் பாக்கிற இடத்துக்குக் கொண்டுபோயிடறேன். தப்பா எடுத்துக்காதீங்க."

வண்டி கையைவிட்டுப் போனால் போகட்டும். காதண்ணனுக்கே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கடைத்தெரு முழுக்கப் பேசுவார்களே. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

புதன்கிழமை காலை மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தார். மதிய ஷிப்டுக்குப் போகிற வழியில் மனைவி அதைக் கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சுத்தமான இடம் எதுவும் இல்லை. காரின் இருக்கை ஒன்றுதான் அழுக்கில்லாமல் இருந்தது.

"வா, உள்ள உக்காரு. ஒரு உதவி பண்ணு" என்றார் காதண்ணன். அன்று வண்டியை இன்னும் ஸ்டார்ட் செய்யாமல், பின்பக்கத்தைத் தூக்கி முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். "நான் டேங்குக்குக் கீழ படுத்துக்கறேன். நான் சொல்றப்ப சாவியைப் போட்டு ஒரே ஒரு படி திருப்பு. அதுக்கு மேல திருப்பாத. பம்ப்போட சத்தத்துல ஏதாவது பிசிறு இருக்கான்னு கிட்ட இருந்து கேக்கணும்."

பாயை விரித்துப் படுத்து, காதை டேங்குக்கு அருகே கொண்டுபோனார்.

"போடு!"

கேட்டது. 'ம்ம்ம்' என்று சுத்தமாக, ஒரு பிசிறும் இல்லாமல், இரண்டு விநாடி.

"கேட்டியா? எப்படிப் பாடுறா பாரு!"

அவர் தலையை வெளியே நீட்டினார். மனைவி கதவு வழியாகக் குனிந்து, கடைசி பெஞ்சுவரை எட்டும் அந்தக் குரலில் சொன்னார்:

"இன்னும் சாவியே போடலைங்க. ஓட்டை எங்க இருக்குன்னு தேடிட்டிருக்கேன்."

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அப்படியே படுத்துக் கிடந்தார். டேங்கின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். சாவி போடாத வண்டி எப்படிப் பாடும்?

"இப்பப் போடு" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"போட்டுட்டேன்."

உள்ளங்கையை டேங்கின் மேல் அழுத்திவைத்தார். தலைக்குள் ரீங்காரம் அதே மாதிரி ஓடியது. கைக்கு அடியில் இரும்பு சும்மா கிடந்தது.

"உனக்கு ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணுமே கேக்கலைங்க. டிக்குன்னுகூட இல்ல."

அவர் எழுந்து முன்பக்கம் போனார். அழுத்தமானியைப் பார்த்தபடி, இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். ஊசி பூஜ்யத்தில் படுத்திருந்தது. பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஸ்டார்ட்டர் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது, ஊசி அசையவில்லை. பத்தாவது விநாடியில் விருட்டென்று ஏறியது, என்ஜின் பிடித்தது. அவ்வளவுதான், குட்டு வெளிப்பட்டுவிட்டது. பம்ப்புக்கு மின்சாரம் கொடுக்கிற ரிலே செத்துப்போயிருக்கிறது. இந்த ரக வண்டியில் அதற்கு ஒரு கொல்லைப்புற வழி உண்டு: என்ஜின் சுற்றிச் சுற்றி ஆயில் அழுத்தம் ஏறினால், ஆயில் சுவிட்ச் மூலமாகப் பம்ப் ஓட ஆரம்பிக்கும். ஒருமுறை ஓடினால் குழாயில் அழுத்தம் தங்கிவிடும், பகல் முழுக்கத் தொல்லை இராது. இரவெல்லாம் நின்று அழுத்தம் வடிந்தால் காலையில் மறுபடி முக்கல்.

கையளவுகூட இல்லாத ஒரு டப்பி. மூன்று வாரம்!

பக்கத்திலேயே ஹாரனுக்கு அதே அச்சில் ஒரு ரிலே இருந்தது. அதைப் பிடுங்கி இதில் சொருகினார். குழாயில் ஏறியிருந்த அழுத்தத்தை முழுக்க வடித்துவிட்டு, சாவியை ஒரு படி திருப்பச் சொன்னார். ஊசி துள்ளி ஏறியது.

"இப்பக் கேக்குது!" என்றார் மனைவி. "பின்னாடி, தேனீ மாதிரி."

காதண்ணனுக்கும் கேட்டது. முன்பு கேட்டதற்கும் இப்போது கேட்டதற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. செத்த பம்ப்பும் உயிருள்ள பம்ப்பும் ஒரே மாதிரி பாடின. எத்தனை வருஷமாக இப்படி என்று நினைத்தார். எத்தனை வண்டிகள், எத்தனை பேரிடம் எத்தனை உறுதியாகச் சொன்னோம் என்று பயமாகவும் இருந்தது.

பேராசிரியைக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு, சத்தத்தை உச்சத்தில் வைத்தார்.

"மேடம், சரியாயிடுச்சு. பம்ப் ரிலே. புதுசு வாங்கி மாட்டிடறேன்."

"அட! இவ்வளவுதானா? அப்புறம் ஏன் மூணு வாரம் ஆச்சு?"

கணக்கு வாத்தியார் அல்லவா, கேட்கத்தான் செய்வார். வயரிங் பழசு, விட்டுவிட்டு வருகிற கோளாறு என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. இருக்கையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். அவர் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டி மேல தப்பில்லை மேடம்" என்றார். "எனக்குக் காது கேக்கல."

பேராசிரியை மெதுவாக ஏதோ சொன்னார். காதண்ணனுக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல "சரி" என்று வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டு மனைவியிடம் கேட்டார்: "என்ன சொல்றாங்க?"

வீடு அமைதியாகிப்போன இந்த இரண்டு வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

"இனிமேலும் வண்டியை உங்ககிட்டதான் விடுவாங்களாம். நாளைக்குப் பத்து மணிக்கு வந்து எடுத்துக்கறாங்களாம்" என்ற மனைவி, போனுக்குக் குனிந்து, "ஒன்பது மணிக்கே வந்துடுங்கம்மா, பத்து மணிக்கு எங்களுக்கு வேற வேலை இருக்கு" என்றார்.

போனை வைத்ததும் காதண்ணன் கேட்டார். "நாளைக்குப் பத்து மணிக்கு நமக்கு என்ன வேலை?"

"எங்க ஆஸ்பத்திரி காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"போன வாரம் சாப்பிடும்போது கேட்டேன். நீங்க சரின்னு சொன்னீங்க."

அவர் கழற்றிய ரிலேயை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு வந்து, ஓட்டுநர் கதவுக்குப் பக்கத்தில், மனைவியின் முகம் தெரிகிற மாதிரி தரையில் உட்கார்ந்தார்.

"வேற எதுக்கெல்லாம் சரின்னேன்?"

மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். ஷிப்டுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பி, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.