நல்ல பக்கம், உள்பக்கம்

எனக்குப் பிடிவாதம் அதிகம். வீட்டில் அதைத் திமிர் என்பார்கள். கோவையில் நான் ஆய்வு செய்யும் கல்லூரியில் என் கைடு அதற்கு இன்னும் மரியாதையான சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

என் ஆய்வு ஒரு படிகத்தைப் பற்றியது. அதன்மேல் டேப் ஒட்டி உரித்தால் சில அணுக்களே கனமுள்ள ஏடு வரும். அந்த ஏட்டின் ஒரு முகத்தில் நேர்மின்சுமை தூக்கலாக இருக்கும், மறுமுகத்தில் எதிர்மின்சுமை. சோலார் பேனலுக்கு இரண்டு வகைப் பொருள் சேர வேண்டும். இதற்கு ஜோடி வேண்டாம். வெளிச்சம் பட்டாலே எலக்ட்ரான்கள் தாமாக ஒரே திசையில் நகரும். எனக்கும் மின்னோட்டம் வந்தது. ஆனால் அது ஏட்டிலிருந்து வருகிறதா, மேலும் கீழும் நான் வைத்த மின்முனைகளின் வேலையா? ஏட்டைக் கவிழ்த்து வைத்தால் மின்னோட்டமும் திசை மாற வேண்டும். அப்போதுதான் நம்புவார்கள்.

மாறவில்லை. எத்தனை தடவை செய்தும் மாறவில்லை. இதை விட்டுவிட்டு வேறு பொருளை எடுக்கச் சொன்னார் கைடு. எடுத்தால் இத்தனை வருட உழைப்பும் குப்பைக்குப் போகும். விட மாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் ஊரான நெருப்பெரிச்சலுக்கு பஸ் ஏறினேன்.

அம்மா பனியன் கம்பெனியிலிருந்து பண்டல் வாங்கிவந்து வீட்டிலேயே பிசிறு வெட்டுகிறாள். தைத்த பனியன் உள்பக்கம் வெளியே தெரிய வரும். அதை நல்ல பக்கமாகத் திருப்பி அடுக்குவது சின்ன வயதிலிருந்து என் வேலை. அன்றும் கைடைத் திட்டிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"திருப்பாதேன்னு அப்பவே சொன்னனில்ல கண்ணு? இது வாஷிங் போற பீசு. உள்பக்கமே வெளிய இருக்கோணும்."

குனிந்து பார்த்தேன். ஒரு குவியலே திருப்பிவிட்டிருந்தேன், எனக்கே தெரியாமல். என் படிகத்துக்கும் பளபளப்பான முகம் ஒன்று, மங்கிய முகம் ஒன்று. கவிழ்ந்த ஏடு வேண்டுமென்றால் மங்கிய முகம் மேலே இருக்கும்படி வைத்து உரிக்க வேண்டும். அப்படித்தான் வைத்தேனா, இல்லை கைப்பழக்கத்தில் பளபளப்பான முகத்தையே மேலே திருப்பிவிட்டேனா? அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். முதலில் இந்தக் குவியலைத் திருப்பு என்றாள்.

கிளம்பும்போது, துணியில் டேமேஜ் உள்ள இடத்தைக் காட்ட ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆய்வகத்தில் அதை இடுக்கியின்மேல் ஒட்டினேன். மங்கிய முகம் மேலே இருக்கப் படிகத்தை எடுத்தேன். கை திருப்பத்தான் போனது. அம்பைப் பார்த்து நின்றது.

உரித்து, மின்முனை வைத்து, ஒளியைப் பாய்ச்சினேன். திரையில் அதே மின்னோட்டம், முன்னால் ஒரு மைனஸ் குறியோடு. கைடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். செய்தேன். மறுபடியும் மைனஸ்.

வெளியே வந்து அம்மாவுக்கு போன் போட்டேன்.

"இந்தத் தடவை திருப்பாம வெச்சியா கண்ணு?"

"வெச்சேன்மா" என்பதற்குள் அழுதுவிட்டேன்.