ஸஹீதா கிழித்த ஸ்பீக்கர்

ஏறாவூரில் ஸஹீதாவிடம் போன சாமான் பழுதோடு திரும்பியதாகச் சரித்திரமே இல்லை. புருசன் கட்டாருக்குப் போனதும், ஈயம் உருக்கி வயர் ஒட்ட அவர் வைத்திருந்த சோல்டரிங் அயனைக் கையில் எடுத்தவள். பொம்பிளைக்கு ஏன் இந்த வேலை என்று அன்றைக்கு ஊரே சிரித்தது. சிரித்தவர்களின் ரைஸ் குக்கரெல்லாம் இன்று அவள் மேசையில்தான் கிடக்கின்றன! "ஸஹீதாட கை பட்டா பழுது நிக்காது" என்று யாராவது சொன்னால் அவளுக்கு அப்படியொரு பூரிப்பு.

போன வாரம் செட்டிபாளையத்துத் தனுஷியா தன் கிட்டாருக்கான பழைய ஸ்பீக்கர் பெட்டியோடு வந்தாள். இரண்டு வருடமாக நண்பர்களோடு சைக்கடெலிக் ராக் என்கிற, ஆளைக் கிறங்கடிக்கும் மேல்நாட்டு இசை வாசிக்கிறவள். கலியாண வீட்டுக்காரர் யாரும் கூப்பிடாத பாண்ட் அது.

"அக்கா, வயர மட்டும் மாத்தித் தந்தாக் காணும். சனிக்கிழம பாசிக்குடா ஹோட்டல்ல எங்கட முதல் பெரிய ஷோ."

வயரை மாற்றிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? இருந்தாளா! பெட்டியைத் திறந்து பார்த்தால், ஸ்பீக்கரில் அதிர்ந்து சத்தம் எழுப்பும் கடதாசி கிழிந்து கிடந்தது. பாவம் பிள்ளைகள் என்று, மெல்லிய தாளை வெட்டி, பசை தடவி, ஒரு நாள் காயவிட்டு ஒட்டியே விட்டாள்.

சனி காலை தனுஷியா கிட்டாரை மாட்டி ஒரு தட்டுத் தட்டினாள். முகம் செத்துப்போயிற்று.

"ஐயோ அக்கா, அந்தக் கரகரப்பு எங்க?"

"அதான் புள்ள, நல்லாக்கிட்டன்."

"அதுதானக்கா எங்கட பாட்டே!"

அறுபதுகளில் இந்த இசை கிளம்பிய காலத்தில், அந்தக் கரகரப்புக்காகவே சிலர் ஸ்பீக்கரைக் கிழித்தார்களாம்; தனுஷியா சொன்னாள். ஸஹீதாவுக்குக் கோபம் வந்தது. நல்லாக்கினதும் குற்றமா?

"இந்தா பிளேட்டு. நீயே கிழி."

"பயமா இருக்கக்கா. கூடக் கிழிஞ்சா எல்லாம் முடிஞ்சுது."

பிள்ளையின் கண் கலங்கியதும் ஸஹீதாவுக்குக் கோபம் போய்விட்டது. எதையும் பிஸ்மி சொல்லி, அல்லாஹ்வின் பெயரால்தான் தொடுவாள். கெடுக்கிற வேலைக்கும் சொல்லலாமா என்று குழம்பி, சொல்லியே விட்டாள். கொஞ்சம் கிழித்தாள், காணாது. இன்னும் கொஞ்சம். மூன்றாம் கீறலுக்குப் பிறகு கிட்டாரைத் தட்ட, பெட்டி உறுமியது. தனுஷியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை ஹோட்டல் புல்வெளியில் முதல் பாட்டு கால் மணி நேரம் ஓடியது. முடிந்ததும் சனம் எழுந்து நின்று இன்னொன்று கேட்டது. தனுஷியாவோடு வந்து ஓரமாக நின்ற ஸஹீதாவிடம் ஹோட்டல்காரப் பொடியன் ஒருவன், "ஸ்பீக்கர் பழுது போல" என்றான்.

"ஓம் தம்பி, பழுதுதான்," என்றாள் ஸஹீதா, முன்வரிசைக்கும் கேட்கும்படி. "பழுதாக்கினது நான்தான்!"